ஐயா சொன்ன மூன்றாவது படம்

ஐயா அந்தப் படத்தை என்னைப் பார்க்கச் சொன்னது கதைக்காகவா, மாட்டுக்காகவா? இரண்டு வருடமாக யோசிக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

ஐயா என் தகப்பனார். சுன்னாகத்தில் நாங்கள் இருக்கும் வீடு அவர் கட்டி எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. அம்மா காலமானபின் அவரும் எங்களுடன்தான். அவருக்குப் பைத்தியம் இரண்டு: வண்டிற் சவாரிப் பந்தயத்துக்கென வளர்க்கும் மாடுகள், பேசும் படம். பட்டணத்துக்கு ரயிலேறிப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, "பிள்ளை, நீ உந்தப் படத்தைக் கட்டாயம் பார்" என்பார். ஏன் என்று சொல்லமாட்டார்.

முதலில் சொன்ன படத்தில் ஒருத்தி சோற்றைக் கருகவிட்டுப் புத்தகம் படித்தாள். (நானும் படிப்பேன். எங்கள் வீட்டுச் சோறும் கருகும்.) இரண்டாவது, முழுக்க முழுக்கக் கப்பலில் நடக்கிற கதை. அதில் ஒரு மகள் தகப்பனை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சந்தேகம் முளைத்தது. எதைப் படித்தாலும் அதற்குள் ஒரு படிப்பினையைத் தேடத்தானே பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள்!

அப்போது என் மகனுக்கு ஆறு மாதம். ஐயாவின் சுருட்டுப் புகைக்குப் பிள்ளை இருமுகிறானே என்று, அவருடைய கட்டிலை முன் அறையிலிருந்து பின் அறைக்கு மாற்றினேன். ஐயா சுருட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனார். நாலாம் நாள், "பிள்ளை, நல்ல படமொண்டு வந்திருக்கு" என்றார்.

"என்ன கதை, ஐயா?"

"கதையை விடு. வந்து பார். நானும் வாறன்."

போனோம். ஐயாவும் என் கணவரும் ஆண்கள் பக்கம். நான் மகனுடன் பெண்கள் பக்கம். படத்தில் ஒரு கிழவர் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கிறார். அவள் அவருடைய கட்டிலைத் தூக்கி மாட்டுக் கொட்டிலில் போடுகிறாள்! எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. பக்கத்திலிருந்த பெண், "உவள் உருப்படுவாளே?" என்று என் காதுக்குள் கேட்டாள். கிழவர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ, நானும் அழ, என்னைப் பார்த்து மகனும் அழ, நான் எழுந்து, படத்தின் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டுமே என்று முழுக் குரலில் கத்தினேன்:

"ஐயா! புகைக்காகத்தான் கட்டிலை மாத்தினனான்! வேணுமெண்டால் வீட்டைத் திருப்பி எழுதித் தாறன்!"

சரியாக அந்த நொடியில் றீல் முடிந்தது. சத்தம் நின்றது. விளக்குகள் எரிந்தன.

"ஆரின்ரை ஐயா?" என்றது ஒரு குரல்.

"எழும்புங்கோ ஐயா, வீடு திரும்பி வருது!" என்றது இன்னொன்று.

என் கணவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். ஐயா நிதானமாக எழும்பினார்.

"விசர்க்கதை கதையாதை, பிள்ளை. அந்தக் கிழவன்ரை மாட்டைப் பாத்தியோ? என்ன கொம்பு! என்ன நடை! அதைக் காட்டத்தான் கூட்டிவந்தனான். முதல் படத்திலை வண்டில் இழுத்த மாடும் உப்பிடித்தான். நீ கவனிக்கேல்லையோ?"

வீட்டுக்கு வந்ததும் கட்டிலை முன் அறைக்கு மாற்றினேன். ஐயா அதைத் திரும்பவும் பின் அறைக்கே தூக்குவித்தார். அந்த ஜன்னலால்தான் மாட்டுக் கொட்டில் தெரியுமாம். நிம்மதியாகப் படுத்தேன். அரைத் தூக்கத்தில் அந்தக் கப்பல் படம் நினைவுக்கு வந்தது. அதில் மருந்துக்கும் ஒரு மாடில்லையே!

விடிந்ததும் கேட்டேன். ஐயா சுருட்டைப் பற்றவைத்தார்.

"கப்பலிலை மாடு ஏத்திறேல்லையோ, பிள்ளை?"

அன்றிலிருந்து எந்தப் படத்துக்குப் புறப்பட்டாலும், "மாடோ, மகளோ?" என்று என் கணவர் கேட்காமல் விடுவதில்லை.

நேற்று ஐயா இன்னொரு படம் சொன்னார். பார்த்தவர்களிடம் விசாரித்தேன். மாடும் உண்டாம், மகளும் உண்டாம். வாசகர்களே, நான் அதைப் போய்ப் பார்ப்பதா, அல்லது பேசாமல் கட்டிலை இன்னொரு தரம் முன் அறைக்கு மாற்றுவதா? தகப்பன்மாரை அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.