கசப்புக்கு இங்கிலீஷ்

அரைகுறையாகத் தெரிந்த மொழியை எங்கு வேண்டுமானாலும் பேசிப் பார்க்கலாம், ஆஸ்பத்திரியைத் தவிர. இதை நான் அப்பாவின் நாக்கைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் கல்லூரி முடித்த புதிது. வடக்கனந்தலில் எங்கள் தெருவிலேயே இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் நான்தான் என்று நினைப்பு. (தெருவும் அப்படித்தான் நினைத்தது, பாவம்.) கரும்பு வெட்டு முடிந்ததிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் வடநாட்டுக்காரர். தமிழ் தெரியாது.

"நான் சொல்றேன் தம்பி" என்று நர்ஸ் முன்வந்தார்.

"பரவால்ல சிஸ்டர், நானே பேசிக்கறேன்" என்றேன்.

"எதத் துன்னாலும் கசக்குதுன்னு சொல்லுடா" என்றார் அப்பா.

சவர், பிட்டர் இரண்டும் எனக்குத் தெரியும். எது புளிப்பு, எது கசப்பு என்பதுதான் அந்த நேரம் பார்த்துக் குழம்பிவிட்டது. "எவ்ரிதிங் சவர், டாக்டர்."

"சவர்?"

"வெரி சவர்."

டாக்டர் வயிற்று அமிலத்துக்கு மாத்திரை எழுதினார். புளி, தயிர், எலுமிச்சை எதுவும் கூடாது என்றார். அம்மா வீட்டுக்கே புளியை நிறுத்தினாள். கசப்பு நிற்கவில்லை, அப்பா இளைத்துக்கொண்டே போனார். பெரிய வியாதியாக இருக்குமோ என்று அம்மா அடுப்படியில் அழுதாள். களமருதூர் அத்தை வந்து கட்டிலருகே உட்கார்ந்து, "நெலத்த இன்னாண்ணா பண்றதா இருக்க?" என்று கேட்டாள்.

மறுபடி போனபோது நர்ஸ் என்னைக் கேட்கவில்லை. "புளிக்குதா ஐயா?"

"புளிக்கலம்மா. மொதல்லேருந்து கசப்புதான்."

நர்ஸ் டாக்டரிடம் "பிட்டர்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா புதிதாகப் போட ஆரம்பித்திருந்த பிரஷர் மாத்திரைதான் காரணமாம். அதை மாற்றிய சில நாளில் அப்பா புளிக்குழம்பு கேட்டுச் சாப்பிட்டார்.

"ஏன்டா, நீ படிச்ச இங்கிலீஷ்ல கசப்பே கெடையாதா?" என்றார்.

பல வருஷம் கழித்து அப்பா கடைசியாகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த டாக்டர் தமிழ்க்காரர்தான். "வலி எங்க இருக்குன்னு சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "அவனக் கேக்காதீங்க சார், மாத்திச் சொல்லிடுவான்" என்றாள் அம்மா.

மூக்கில் குழாயோடு அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதோடு சரி.

இன்றைக்கும் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் என்னை ஆட்டோ பிடிக்கத்தான் அனுப்புகிறார்கள்.