ஆறாம் பாடத்தில் வந்த காய்ச்சல்

மனிதர்களை வகை பிரித்து எழுதியவர்கள் கருமியை எழுதினார்கள், கோள்மூட்டியை எழுதினார்கள், மைக்கைப் பிடித்தால் விடாதவரையும் எழுதினார்கள். ஒருவரை மட்டும் கோட்டை விட்டுவிட்டார்கள். இணையத்தில் முகம் தெரியாத ஒருவரைத் தேடிப் பிடித்து, 'என் மொழியை உனக்குத் தருகிறேன், உன் மொழியை எனக்குத் தா' என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, தினமும் ஒரு மணி நேரம் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரை. மொழிமாற்றுக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். வேறு நல்ல பெயர் கிடைத்தால் எழுதுங்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சாப்பிடும்போது உதடு தனியாக அசையும். குளியலறையிலிருந்து, தொண்டைக்குள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் ஒரு சத்தம் வரும். உப்பை எடுங்கள் என்று யாராவது கேட்டால், "இரு, இரு, உப்புக்கு என்னன்னா..." என்று மேலே பார்ப்பார். வார்த்தை வந்தாலும் வரும், உப்பு வராது.

இந்த வகையில் நான் அருகிலிருந்து கவனித்த ஒருவரைச் சொல்கிறேன். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனமொன்றில் புகார் தொலைபேசிக்குப் பொறுப்பாளர். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்று சொல்வது வேலை. இப்படி ஊரையெல்லாம் விசாரிக்கிறவரை 'நீ எப்படி இருக்கிறாய்' என்று விசாரிக்க ஒரு ஆள் இல்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் பியானோக்காரர் வாய்த்தார்.

பியானோக்காரர் ரஷ்ய மொழி பேசுகிறவர். பழைய பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துக்கொடுக்கும் தொழில், எழுபது வயது, தனிக்கட்டை. அவருடைய மேல்மாடியில் குடியிருந்த தமிழ் மாணவர்கள் இரண்டு வருடம் ஓயாமல் சண்டை போட்டிருக்கிறார்கள். என்னதான் சண்டை என்று தெரிந்துகொள்ளத் தமிழ் படிக்க ஆரம்பித்தார். மாணவர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். தமிழ் மட்டும் பாக்கி நின்றுவிட்டது.

மாலை ஆறு மணிக்கு அரை மணி ரஷ்யன், அரை மணி தமிழ். ஒருவர் எழுதுவதை மற்றவர் திருத்த வேண்டும். இதில் பொய்க்கு எங்கே இடம் என்று கேட்கிறீர்களா? இடமே அங்கேதான். நம்மவர் கையிலிருந்த பாடப்புத்தகத்தில் முப்பது பாடம். நம்மவர் தேர்ச்சி பெற்றது ஆறு. வாழ்க்கையோ முப்பது பாடத்துக்கும் பரவிக் கிடக்கிறது. என்ன செய்வார் மனிதர்? வாழ்க்கைக்கேற்ற வார்த்தையைத் தேடிப் போகிறவன் பண்டிதன். தெரிந்த வார்த்தைக்கேற்ப வாழ்க்கையை வெட்டித் தைத்துக்கொள்கிறவர்தான் மொழிமாற்றுக்காரர்.

என்ன வேலை என்று பியானோக்காரர் முதல் வாரமே கேட்டார். லிஃப்ட், பராமரிப்பு, புகார் மூன்றுக்கும் வார்த்தை இல்லை. "மனிதர்கள் மேலே போகிறார்கள். மனிதர்களுக்குப் பயம். நான் பேசுகிறேன்" என்று எழுதினார். "நீங்கள் விமானியா?" என்று பதில் வந்தது. 'ஆம்' என்பதற்கு ரஷ்ய மொழியில் 'தா'. அந்த வார்த்தை அவருக்கு மிக நன்றாகத் தெரியும்.

மூன்றாம் பாடம் விலங்குகள். அந்த வாரம் அவர் வீட்டில் ஒரு நாய் பிறந்து வளர்ந்து பெரிதாகிவிட்டது. ஆறாம் பாடம் மருத்துவமனை. வந்தது வினை. "என் மனைவிக்குக் காய்ச்சல்" என்று எழுதினார். "ஒரு பிழைகூட இல்லை, அற்புதம்" என்று பாராட்டு வந்தது. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் மேலதிகாரி வாயிலிருந்து வராத சொல். மனிதர் சொக்கிப்போனார். மறுநாள் காய்ச்சலோடு தலைவலி சேர்ந்தது. அதற்கு மறுநாள் பல்வலி. மூன்று வாரத்தில் அந்த அம்மாள் ஆறாம் பாடம் முழுவதையும் தன் உடம்பில் தாங்கிப் படுத்த படுக்கையாகிவிட்டார்.

அந்த அம்மாள் யார் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. விசில் கழுத்திலேயே இருக்கும். சளி பிடித்ததுகூட இல்லை.

பியானோக்காரர் பாராட்டுவதை நிறுத்திவிட்டுக் கவலைப்பட ஆரம்பித்தார். "இன்று சூப் குடித்தார்களா?" என்று தினமும் கேட்டார். நம்மவருக்கு உறுத்தத்தான் செய்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று புத்தகத்தைப் புரட்டினார். மன்னிப்பு கேட்பது பத்தொன்பதாம் பாடத்தில் இருந்தது. மூடி வைத்துவிட்டார். மூன்று மாதம் ஓடிப்போயிற்று.

ஒரு சனிக்கிழமை தபாலில் பொட்டலம் வந்தது. ஆசிரியைதான் பிரித்தார். உள்ளே முழங்கால்வரை வரும் கம்பளிக் காலுறை, ஏதோ இலைத்தூள், குண்டு குண்டான தமிழ் எழுத்தில் ஒரு அட்டை: 'அம்மா, விரைவில் எழுந்து உட்காருங்கள். ஞாயிறு மாலை வீடியோவில் உங்களைப் பார்க்க வருகிறேன்.'

"ஏங்க, யாரு இது என்னை எழுந்து உக்காரச் சொல்றது?"

"நம்ம பியானோக்காரர்."

"நான் எப்போ படுத்தேன்?"

"ஆறாம் பாடத்துல."

ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு என்ன வியாதி?"

"இன்னும் முடிவாகல. காய்ச்சல் இருக்கு, தலைவலி இருக்கு. வயித்துவலி விட்டு விட்டு வருது."

"பொழைப்பேனா?"

"அப்படியெல்லாம் பேசாத. அவர் ரொம்பக் கவலைப்படுறார்."

"கவலைப்படுறவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா அப்புறம் பேச மாட்டார். தினம் ஆறு மணிக்கு என்னை எப்படி இருக்கேன்னு கேக்க வேற யாரு இருக்கா சொல்லு?" என்றார் நம்மவர். "பத்து நிமிஷம் படுத்தா போதும். நெத்தியில ஒரு ஈரத்துணி."

"ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் படுக்கணும்னு இருபது வருஷமா எனக்கும் ஆசைதான். துணி எல்லாம் வேண்டாம். படுக்குறேன். வாயைத் திறந்து என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது, சொல்லிட்டேன்."

ஞாயிறு மாலை படுக்கையில் தலையணைகள் அடுக்கப்பட்டன. ஆசிரியை விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். திரையில் வெள்ளைப் புருவமும் கழுத்தில் டையுமாக ஒரு முகம் வந்தது. நோயாளியைப் பார்ப்பதற்கென்று தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். கையில் ஒரு தாள்.

"வணக்கம், அம்மா," என்று வாசித்தார். "இன்று எங்கே வலிக்கிறது?"

எங்கும் இல்லை என்று சொல்லத்தான் ஆசிரியை வாயைத் திறந்தார். ஆனால் திரையிலிருந்தவர் தாளைத் தாழ்த்திவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். அவசரமில்லாமல் காத்திருந்தார். அதைப் பார்த்து ஆசிரியைக்கு என்ன தோன்றியதோ.

"முழங்கால்ல," என்றார்.

"எந்த முழங்கால்?"

"இடது."

"எத்தனை நாள்?"

"நாலு வருஷம். மாடிப்படி இறங்கும்போது."

நம்மவர் பிடித்திருந்த கைபேசி மேலே பார்த்துச் சாய்ந்துவிட்டது. பியானோக்காரருக்கு வீட்டுக் கூரைதான் தெரிந்திருக்கும். "நாலு வருஷமா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே. அதை இப்படித் திருப்புங்க, மனுஷர் காத்துக்கிட்டிருக்கார்."

பிறகு பள்ளிக்கூட அசெம்பிளியில் அறிவிக்கிற தமிழில், நிறுத்தி நிறுத்தி, "ஐயா, காய்ச்சல் போய்விட்டது. தலைவலி போய்விட்டது. வயிறு நன்றாக இருக்கிறது" என்றார். பியானோக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

இந்த இடத்தில் நம்மவருக்கு ஒரு வீரம் வந்தது. எல்லாப் பொய்யையும் இன்றே கழுவிவிடுவோம் என்று முடிவு செய்து, தன்னைத் தொட்டுக்காட்டி, "விமானி, நியெத்" என்றார். நியெத் என்றால் இல்லை.

பியானோக்காரர் மரியாதையோடு எழுந்து நின்றார். "மனைவிக்காக," என்று தமிழில் மெதுவாகச் சொன்னார், "வேலையை விட்டீர்கள்."

நம்மவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தார். போர்வை குலுங்கியது.

"இதை நான் திருத்தட்டுமா?" என்றார் ஆசிரியை.

"இன்னிக்கு வேண்டாம்," என்றார் நம்மவர்.

நட்பு பிழைத்தது. ஆறு மணிக்கு இப்போதும் அழைப்பு வருகிறது. ஆனால் முதல் கால் மணி நேரம் முழங்காலுக்குப் போய்விடுகிறது. நம்மவர் ஓரமாக உட்கார்ந்து, பதினோராம் பாடத்தில் மூட்டு, வீக்கம், ஒத்தடம் எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். அவ்வப்போது, "நேத்தைக்கு இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று மனைவியைக் கேட்கிறார். வார்த்தைக்காகத்தான் கேட்கிறேன் என்கிறார். இருக்கட்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்நிய பாஷை எதுவும் படிக்காதவர், உங்களுக்கென்ன. ஆனால் இன்று காலை தெருவில் ஒருவர் சௌக்கியமா என்று கேட்டபோது, நல்லா இருக்கேன் என்றீர்களே, அது உண்மையா, அல்லது வாயில் தயாராக இருந்த ஒரே வாக்கியமா? வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவருக்கு எங்கே வலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்க் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், யாரும் திருத்த மாட்டார்கள்.