அந்தோணி பாஸுக்கு நான் வாங்கிய கறுப்புக் கண்ணாடி

மூக்குக் கண்ணாடி வாங்கப் போகிறவன் செய்யும் முதல் தவறு, கடையில் தொங்கும் நிலைக்கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பது. வாங்குவது இன்னொருவர் மூக்குக்கு என்றால் அந்தத் தவறு பாவமாகிவிடும். இருபத்திரண்டு வயதில் அந்தப் பாவத்தை நான் செய்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அட்டனில் ஆங்கிலம் படித்தவன் (அதை எல்லோருக்கும் நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்). எங்கள் பட்டறையில் அந்தோணி பாஸ் (கைத்தொழில் தெரிந்தவரை அங்கே 'பாஸ்' என்பார்கள்) சுழலும் சாணைக்கல்லில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள் தீட்டுவார். ஒரு நாள் பொறி தெறித்து, அவர் கண் ஒரு வாரம் சிவந்து கிடந்தது. அவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கி வரச் சொல்லித் தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரத் துரை என்னை நுவரெலியாவுக்கு அனுப்பினார்.

புறப்படும்போது பாஸ் சொன்னார்: "ஐயா, பளிச்சுனு தெரியணுங்க. பட்டறையில ஒரே ஒரு சன்னல்தான். காதுப்பக்கம் கடிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் மூடியிருந்தாப் போதுங்க."

"எனக்குத் தெரியாதா பாஸ்?" என்றேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பாஸ் கேட்டபடியே இருந்தது. வெள்ளைக் கண்ணாடி, பக்கங்களில் மறைப்பு, காதில் மெத்தென்று வளையும் கம்பி. போட்டால் மூக்கில் மீன்தொட்டியைக் கட்டிவிட்டது போலிருந்தது. மற்றது மோட்டார் சைக்கிள்காரர்கள் போடும் கறுப்புக் கண்ணாடி. தோல் விளிம்பு, இறுக்கமான பட்டி. மாட்டிப் பார்த்தேன். எதிரே ஒரு சினிமாக் கதாநாயகன் நின்றான்.

"யாருக்குங்க தம்பி, வேலை செய்றவருக்கா, ஒங்களுக்கா?" என்றார் கடைக்காரர்.

"கறுப்பையே கட்டுங்க" என்றேன். பிறகு கட்டியதையும் பிரித்து, நானுஓயாவில் ரயில் ஏறி வட்டகொடையில் இறங்கும்வரை போட்டுக்கொண்டு வந்தேன். (வழியெல்லாம் மழை. அது வேறு விஷயம்.)

மறுநாள் பாஸ் மாட்டிப் பார்த்தார். "பொழுது விழுந்த மாதிரி இருக்குங்களே ஐயா. காதையும் புடுங்குது."

"பழகினாச் சரியாயிடும் பாஸ்."

பழக நேரமில்லை. புதுக் கண்ணாடியைப் பார்க்கத் துரையே வந்து, அந்த ஒரே சன்னலை அடைத்துக்கொண்டு நின்றார். பாஸ் கத்தியைக் கல்லில் வைத்தபடியே சத்தம் போட்டார்: "எவன்டா அவன், வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு எருமையாட்டம் நிக்கிறது? நவுருடா அங்கிட்டு."

துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்து, ஒதுங்கி நின்ற காலம் அது. துரைக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் அந்த அரையில் முக்கால்வாசி வசவு.

"நாளைக்கு ஆபீஸ் வா" என்றார். அப்படிக் கூப்பிட்டால் கையில் கணக்கு முடித்த பற்றுச்சீட்டுத்தான். வேலை போகும், அதோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். பாஸுக்கு ஐந்து பிள்ளைகள்.

தொழிற்சாலை வாசலில் துரை என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், கண்ணாடியில் ஏதும் குறையா என்று. நானும் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இல்லை சார். அந்த ஆளுக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் அதிகம்."

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் பாஸ் தலைகுனிந்து நின்றார். அவர் மனைவி ரோசம்மா குனியவில்லை. கறுப்புக் கண்ணாடியை என் கையில் திணித்தார்.

"நீங்கதான வாங்கினீங்க? இத மாட்டிக்கிட்டு உள்ள போயி தொரைக்கு ஒரு சலாம் போட்டுட்டு வாங்கய்யா. பொறவு எங்க வீட்டுக்காரர அனுப்புங்க."

"சும்மா இரு புள்ள" என்று பாஸ் முனகினார்.

"நான் பேசிக்கிறேன் ரோசம்மா."

"நீங்க பேசினது போதுங்க. மாட்டுங்க."

மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். வெளியே பனிமூட்டம், உள்ளே விளக்கில்லை. மூலையில் தொப்பியோடு உயரமாக நின்ற உருவத்தின் முன் விறைத்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றேன். பதிலில்லை. கோபம் இன்னும் தணியவில்லை போலும் என்று, பாஸின் பன்னிரண்டு வருட உழைப்பைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். கண்ணாடி தவறு, பாஸ் தவறல்ல என்றும் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது.

"ஸ்டோர் கீப்பர், அது என் மழைக்கோட்டு."

கழற்றிப் பார்த்தேன். கோட்டு மாட்டும் மரக்கட்டைக்கு நான் மனு கொடுத்துக்கொண்டிருந்தேன். துரை எழுந்து வந்து கண்ணாடியை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். சன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப எனக்கும் எருமை தெரியுது" என்றார்.

பற்றுச்சீட்டு எழுதப்படவில்லை. அடுத்த கிழமை பாஸே நுவரெலியாவுக்குப் போனார். கடையில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு குனிந்து, நிமிர்ந்து, ஊசியில் நூல் கோத்துப் பார்த்து, அந்த மீன்தொட்டியை வாங்கி வந்தார். அதன்பின் அவர் கண்ணில் பொறி விழவில்லை.

கதை நான் பெண் பார்க்கப் போன வீடு வரைக்கும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இன்றும் நான் மூக்குக் கண்ணாடி மாற்றினால் மனைவி கொடியில் ஒரு சட்டையைத் தொங்கவிட்டு, "தொரைக்கு சலாம் போட்டுட்டு வாங்க, தெரியுதான்னு பாப்போம்" என்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தொழிற்சாலை வாசலில் நான் ஆங்கிலத்தில் சொன்ன வாக்கியத்தை மட்டும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அந்தோணி பாஸிடமும் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு எழுதுவது சுலபமாக இருக்கிறது. அதற்கும் சேர்த்தே வெட்கப்படுகிறேன்.