காலி மிக்ஸி

உள்ளே ஒன்றும் இல்லாமல் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நாளாக.

குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மெக்கானிக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். மிக்ஸியும் வாஷிங்மெஷினும் ரிப்பேர் பார்த்துப் பதினோரு வருஷமாகக் கடை நடத்துபவர். காலி ஜார் போடும் சத்தமே தனி.

"என்ன அரைக்கிறே?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லாததை எதுக்கு இவ்வளவு நேரம் அரைக்கிறே?"

"நைசா வரட்டும்னுதான்."

குழந்தை பிறந்து நாற்பத்தேழு நாள். இந்தச் சமயத்தில் வீட்டில் யாருக்காவது மனசு தளர்ந்து போகலாம், கவனமாக இருங்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு தாள் கொடுத்திருந்தார். மெக்கானிக் அதை எடுத்துப் படித்தார். தூக்கம் வராது. சாப்பாடு இறங்காது.

அன்று ராத்திரி முழுக்கக் கண்கொட்டாமல் மனைவியைக் கவனித்தார். பாலுக்குக் குழந்தை அழுதபோது எழுந்தாள். மற்றபடி அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். காலையில் தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதையும் கவனித்தார்.

'மறைக்கிறா' என்று முடிவு செய்தார்.

மிக்ஸியைத் துணியில் சுற்றினார். "கார்பன் தேஞ்சிருக்கு. கடைக்குக் கொண்டு போறேன்."

மறுநாள் அவர் குளியலறைக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், வாஷிங்மெஷின் சுழல ஆரம்பித்தது. வெளியே வந்து மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரே ஒரு குழந்தை சாக்ஸ்.

"ஒரு சாக்ஸுக்கு ஒரு மெஷினா?"

"ஜோடியைக் காணோங்க. இதாவது சுத்தமா இருக்கட்டுமே."

மெஷினின் பெல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் குக்கர். வெறும் தண்ணீர், ஒன்பது விசில். குக்கர் வெயிட்டும் பைக்குள் போனது. அதற்கடுத்த நாள் அவருடைய டிரில்லிங் மெஷினையே எடுத்துச் சுவரில் துளை போட்டாள்.

"பாப்பா போட்டோ மாட்டத்தான்."

"அதுக்கு ஆறு ஓட்டையா?"

"வளருவால்ல?"

கடையிலும் நிம்மதி இல்லை. யாரோ கொடுத்த மெஷினைப் பிரித்துப் பூட்டியதில் நாலு ஸ்க்ரூ மிச்சம். பதினோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் வீட்டில் சத்தம் போடுகிற மாதிரி ஒரு சாமானும் பாக்கி இல்லை. தைரியமாகக் குளிக்கப் போனார். கதவுக்கு வெளியே நின்று மனைவி தட்டில் கரண்டியால் அடித்து, ராகம் போட்டுப் பாடத் தொடங்கினாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. மகளுக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருந்த மாமியார் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டார். மெக்கானிக் பாதி சோப்போடு வெளியே பாய்ந்தார்.

"யாருக்கும்மா இந்தக் கச்சேரி?"

"உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், அந்த மிக்ஸியையாவது திருப்பிக் கொண்டு வந்துடுங்க." அவள் கண் கலங்கிவிட்டது. "பாடி எனக்குப் பழக்கமில்லை."

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. கரண்டியை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கினார். "நாளைக்கு டாக்டரைப் பார்த்துடலாம்மா. மனசுக்குப் பார்க்கிற டாக்டர். பயப்படாதே, நான் கூடவே இருப்பேன்."

"நெஜமாவே வர்றீங்களா?" மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "போன வாரமே பேர் பதிஞ்சு வெச்சுட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

தானாகவே ஒத்துக்கொள்கிறாள், பாதி குணமான மாதிரிதான் என்று தேற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை மனைவி வண்டி பிடிக்க முன்னால் போனாள். குழந்தையைத் தோளில் போட்டபடி வழியனுப்ப நின்ற மாமியாரிடம் மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

"அத்தை, திரும்பி வந்ததும் அவளை ஒண்ணும் கேட்காதீங்க. எதனால இப்படிச் சத்தம் போடறான்னு டாக்டரே கண்டுபிடிச்சுடுவாங்க."

மாமியார் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அதைக் கண்டுபிடிக்க டாக்டர் எதுக்கு மாப்பிள்ளை? நீங்க தினமும் குளியலறையில தேம்பித் தேம்பி அழறது என் காதுல விழுந்துடக் கூடாதேன்னுதான், பாவம், அவ இந்தப் பாடு பட்டா."