கையால் ஓட்டுவதாகச் சொன்ன விமானி

விமானம் புறப்படக் கால் மணி நேரம் இருக்கும்போது தலைமை விமானி ஒலிபெருக்கியில் பேசினார். அந்த அம்மாவுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். உண்மையைச் சொல்லிவிடும் பழக்கம் மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

"வணக்கம். விமானத்தை ஓட்டற தானியங்கிக் கருவி பழுதாகியிருக்கு. விதிப்படி அது இல்லாமலும் போகலாம். இன்னைக்கு முழுக்க நானே கையால ஓட்டறேன்."

மாட்டியிருந்த பெல்ட்டை நாங்கள் ஒவ்வொருவராகக் கழற்றினோம். முன்வரிசைப் பெரியவர் எழுந்து விமானியின் அறைக்கதவைத் தட்டினார்.

"ஏம்மா, கையாலன்னா... உங்க கையாலயா?"

"ஆமாங்க. பயப்படாதீங்க, அதுதான் என் வேலை."

"அது உங்க வேலைன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலியே?"

என் பின்னால் இருந்தவர் தன் மனைவியிடம், "பையை எடு, இறங்கிடலாம்" என்றார். மளமளவென்று எல்லோரும் எழுந்தோம்.

பயணியர் நம்பிக்கைப் பாதுகாப்பு அலுவலர் கோப்புடன் வந்து சேர்ந்தார்.

"மேடம், உங்களுக்கு ஓட்டத் தெரியும்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"நான் விமானி சார்."

"அது பதவி. நான் கேக்கறது ஓட்டறதைப் பத்தி."

"போன மாசம்கூடக் கடுங்காத்துல கருவி கைவிட்டப்போ நான்தானே இறக்கினேன்?"

அலுவலர் கோப்பைப் புரட்டினார். "இருக்கு. 'கருவியின் பணியில் விமானி குறுக்கிட்டார்'னு பதிவாகியிருக்கு. அதுக்கே நீங்க இன்னும் விளக்கம் தரலை."

அந்த அம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். முகம் சிவந்திருந்தது. 'பழுது குறித்த உண்மையை உரிய அனுமதியின்றி வெளியிட்டுப் பயணியரிடையே பீதி விளைவித்தமைக்கு' இன்னொரு விளக்கம் கோரும் கடிதத்தைக் கடைசிப் படியில் வைத்தே கொடுத்தார்கள்.

இரண்டு மணி நேரத்தில் வேறு விமானம் வந்தது, வேறு விமானியும் வந்தார். வழுவழுப்பான கை, மடிப்புக் கலையாத சட்டை. பெரியவர் வாசலிலேயே அவரை மறித்தார்.

"நீங்களும் கையால ஓட்டுவீங்களா தம்பி?"

"சேச்சே. பயிற்சியில ஓட்டினதோட சரி. அதுவும் எட்டு வருஷமாச்சு. இப்போ ஓட்டுன்னாலும் எனக்கு வராதுங்க."

"வழியில கருவி நின்னுட்டா?"

"நின்னுட்டா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

அவ்வளவுதான், போன உயிர் திரும்பி வந்தது. நிம்மதியாகப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு விமானம் முழுக்கக் கைதட்டினோம். முதலில் தட்டியது நான்தான்.