ரிட்டன்லோடு அண்ணன் ஏறாத கார்

நாமக்கல்லிலிருந்து புறப்பட்ட எந்த வண்டியும் காலியாகத் திரும்பக் கூடாது என்பதற்காகவே பிறந்தவர் எங்கள் தெரு ரிட்டன்லோடு அண்ணன். சரக்கு இறக்கிய ஊரிலேயே லாரிக்குத் திரும்பும் சரக்கைப் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி ஓயவில்லை. மகன் கல்யாணத்துக்குப் பெண்ணழைக்க எடப்பாடி போன வேனில், மணப்பெண்ணின் பக்கத்தில் பருத்தி மூட்டைகளும் உட்கார்ந்து வந்தன. அந்த வைகாசி முழுக்கத் தெருவில் வேறு பேச்சே இல்லை.

அண்ணி காலமான மறு வருடம் ஐப்பசியில் குளியலறையிலும், கார்த்திகை தீபத்தன்று வாசலிலும் அண்ணன் விழுந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். தைப்பூசம் கழிந்த ஞாயிறன்று மகன் அவரை மோகனூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். நானும் கூடப் போயிருந்தேன்.

கண் கலங்கி நின்ற மகனிடம் அண்ணன் கேட்டார்: "ஏன்டா, காரு காலியாவா போவுது?"

"உங்கள உட்டுப்போட்டுத்தானுங்கப்பா போறேன்..."

"அதத்தான் கேக்கறன்." திண்ணையில் உட்கார்ந்திருந்த இல்லத்துப் பாட்டி ஒருவரைக் காட்டினார். "இந்தம்மா ஊடு போற வழிதான். ஏத்திக்க."

"அவங்க மகன் கேட்டா என்னங்க சொல்றது?"

"டெலிவரின்னு சொல்லு!"

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான். மகன் அப்பாவைப் பார்க்க வருவான். திரும்பும்போது இல்லத்தில் இருக்கும் யாரோ ஒருவரை அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவான். அந்தந்த வீட்டார் திகைத்து, சிரித்து, கறிக்குழம்பு வைத்து, மறுநாள் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு பெரியவரைப் பேரப்பிள்ளைகள் திருப்பி அனுப்பவே இல்லை. பொறுப்பாளர் அம்மா கொதித்தார்.

"இது இல்லமா, லாரி ஆபீஸா?"

"லாரி ஆபீஸுன்னா வாடகை வாங்கியிருப்பனுங்க, மேடம்."

ஆடிப் பெருக்குக்கு அடுத்த ஞாயிறு நானும் கூடப் போயிருந்தேன். மகன் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னிக்கு யாரையும் ஏத்த வேண்டாமுங்கப்பா. நீங்க வாங்க, நம்மூட்டுக்குப் போலாம்."

அண்ணன் அவனையே பார்த்தார். "நாளைக்குக் கொண்டாந்து உட்ருவியா?"

மகன் தலை குனிந்தான்.

"உன்மேல தப்பில்ல சாமி. பகல்ல ஊட்ல ஆளில்ல, எனக்குத் தெரியாதா? மத்தவங்கெல்லாம் போயிட்டு வந்தர்றாங்க. நான் வந்தா, உங்கம்மா படுத்த கட்டில உட்டு எந்திரிக்க மாட்டன்டா."

கதவை அவரே சாத்தினார். யாரையும் கூப்பிடவில்லை. பின்சீட்டு காலியாகவே கார் நாமக்கல் திரும்பியது.

இப்போது வியாழக்கிழமைகளில் நான் போகிறேன். டீசல் விலை பேசுவோம், முட்டை விலை பேசுவோம், வீட்டுப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். முதலில் விடுவது எப்போதும் அவர்தான், என்னால் முடிவதில்லை.