பச்சை விளக்கு யாருடையது

ஜூலை 10, வியாழன். நேற்று மாலை நெட்வொர்க் பயிற்சி வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். 'வைஃபை பொட்டியின் உரிமையாளர் யார்?' என்ற கேள்விக்கு 'வாங்கியவர்' என்று எழுதிவிட்டேன். இன்று திருத்திக்கொள்கிறேன். மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு அடைந்த மாபெரும் முன்னேற்றம், ஒருவர் வாங்கிய பொருளை இன்னொருவர் வேறு ஊரில் உட்கார்ந்து அணைக்கும் வசதிதான். எனக்குப் புரிந்தது அரைகுறையாக இருக்கலாம். அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பகலில் சக்கரபாணி சார் கடையில் எனக்குப் பொட்டி மாட்டும் வேலை. கிரிவலப் பாதை நெடுக அருணாதேவி அக்கா நடத்தும் 'காணாமல் போனோர் உதவி மையங்கள்' எல்லாவற்றிலும் 'நீலவான்' கம்பெனிப் பொட்டிகளை மாட்டியது நான்தான். பௌர்ணமிக் கூட்டத்தில் செல்போன் வேலை செய்யாது. தொலைந்தவர் படத்தை எல்லா மையத் திரைகளுக்கும் அனுப்புவது இந்தப் பொட்டிகள்தான். பொட்டி சுவரில் இருக்கும். அதன் மூளை 'மேகத்தில்', அதாவது வெளியூரில் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கும். மாட்டிய அன்று முறைப்படி சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டினேன்.

இன்று பௌர்ணமி. மதியம் எல்லாப் பொட்டிகளிலும் பச்சை விளக்கு அணைந்தது. சாரும் நானும் அக்கா இருந்த செங்கம் ரோட்டு மையத்துக்கு ஓடினோம். அங்கே கீழ்பென்னாத்தூர் சரோஜா அழுதுகொண்டிருந்தார். காது கேளாத, வாய் பேசாத அவர் தம்பி அருணகிரி கூட்டத்தில் கைநழுவிவிட்டாராம்.

"மைக்குல கூப்ட்டா அவனுக்குக் கேக்காதும்மா. படத்தப் போடுங்க."

படம் அக்காவின் கம்ப்யூட்டரைத் தாண்டவில்லை. மையத்து லேண்ட்லைனில் நீலவானுக்கு போன் போட்டோம். மேலாளர் வீரேந்திரன் பன்னீர் தெளிப்பதுபோல் பேசினார்.

"நாங்க துண்டிக்கலைங்க. உங்க இணைப்ப ஓய்வுல வெச்சிருக்கோம். நீங்க சர்ச்சைக்குரிய வாடிக்கையாளர்."

"யாரு சொன்னது?" என்றார் அக்கா.

"அதச் சொன்னா அதுவே ஒரு சர்ச்சையாயிடும்ங்க."

சொல்லத் தேவையே இல்லை. ஒரு 'மௌன தியான விடுதி' சாக்கடையைக் குளத்தில் விடுகிறது என்று அக்கா போன வாரம் கலெக்டரிடம் மனு கொடுத்திருந்தார். அந்த விடுதியும் நீலவானின் வாடிக்கையாளர். ரொம்பப் பெரிய வாடிக்கையாளர்.

"சர்ச்சை எப்ப தீரும்?"

"தீந்துடுச்சுன்னு விடுதிக்காரங்க எழுதிக் குடுத்தா போதுங்க."

"அவங்க குழாய் இன்னும் குளத்துலதான் ஊத்துது."

"பாருங்க, சர்ச்சை இன்னும் ஓடிட்டிருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

இப்படியொரு நடுநிலையை நான் எங்குமே கண்டதில்லை. அக்கா எங்கள் சார் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், பொட்டி எங்களுதுன்னுதானே வித்தீங்க?"

"பொட்டி உங்களுதுதாம்மா. பச்சை விளக்கு மட்டும் அவங்களுது. இதுல என்ன குழப்பம்?"

"அப்ப சுருதி கற்பூரம் காட்டினது?"

"அது காலிக் கோயில். சாமி வெளியூர்ல இருக்கு."

நான் படத்தை அச்செடுத்துக்கொண்டு சைக்கிளில் மையம் மையமாகப் போனேன். அடி அண்ணாமலை மையத்தில், திரைக்கு நேர் எதிரே அருணகிரி உட்கார்ந்திருந்தார். பிறகு சரோஜா சொல்லித்தான் தெரிந்தது: போன பௌர்ணமியிலும் அவர் தொலைந்து, இங்கேதான் தன் முகத்தைத் திரையில் பார்த்தாராம். சரோஜா வந்து அழைத்துப் போனாராம். அதனால் இம்முறை தொலைந்ததும் நேராக இங்கே வந்துவிட்டார். கறுப்புத் திரையில் தன் முகம் வரும் என்று மதியத்திலிருந்து காத்திருக்கிறார்.

"கரண்ட் வரட்டும்னு டிவி பாக்க ஒக்காந்திருக்காருன்னு நெனச்சேன்" என்றார் மையத்துத் தொண்டர் வள்ளி.

அருணகிரி என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதை வாங்கிப்போய்த் திரைமேல் ஒட்டி வைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆக, நீலவானின் ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. குளத்தில் சாக்கடை விட்டவர் இணைப்பில் இருக்கிறார். வாய் பேசாதவர் சர்ச்சையில் இருக்கிறார். திருத்திய விடை: அணைக்க முடிந்தவரே உரிமையாளர். வாங்கியவருக்குப் பெயர் பிணைக்கைதி. அவரிடம் 'இது உங்களுதுங்க' என்று சொல்லி மாட்டிவிட்டு வந்தவளுக்கு என்ன பெயர் என்று வகுப்பில் கேட்கவில்லை.

நாளை: ஏணி எடுத்துப் போய் எல்லாப் பொட்டிகளையும் கழற்ற வேண்டும். முதலில் சந்தனத்தைத் துடைக்க வேண்டும்.